முப்பத்தோராம் பக்கம்

புத்தகம் அச்சடித்த புத்தகம்தான். ஆனாலும் முப்பத்தோராம் பக்கத்தைத் திருப்பியதும் கொன்ஸ்ரன்ரைனுக்கு அதில் தன்னுடைய கையெழுத்தே தெரிந்தது.

'கைபிடி இடப்பக்கம் பார்த்தால் ஓடுவது வலது வரிசை. கைபிடி வலப்பக்கம் பார்த்தால் ஓடுவது இடது வரிசை. மறக்கக் கூடாது.'

மறக்கக் கூடாது என்று எந்தப் பாடப்புத்தகக்காரனாவது எழுதுவானா? அது கொன்ஸ்ரன்ரைன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வசனம். பதினொரு வருடத்துக்கு முன்னால், கொட்டாஞ்சேனையில் தனியார் ஆஸ்பத்திரியொன்றின் ஒட்சிசன் அறையில், கவிழ்த்து வைத்த வாளியின்மேல் குந்தியிருந்து, கோடு போட்ட தடித்த சீ.ஆர். கொப்பியொன்றில் பென்சிலால் எழுதியது. இப்போது அது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கையொன்றில், ஆஸ்பத்திரிப் பராமரிப்பு வேலைக்காரருக்கான பயிற்சி வகுப்பில், மினுங்கும் மட்டை போட்டுக்கொண்டு அவன் மடியில் கிடந்தது. மட்டையில் பெயரும் இருந்தது. ஆக்கியவர்: ஆ. சுந்தரலிங்கம்.

அந்த ஆக்கியவர்தான் முன்னால் நின்று கரும்பலகையில் குழாய்ப் படம் கீறிக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு, பையில் இரண்டு பேனை, நெற்றியில் மூன்று குறித் திருநீறு. காலையில் கொன்ஸ்ரன்ரைன் வாசலில் வந்து நின்றபோது ஒரு கணம் முகம் வெளிறி, உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆ, கொன்ஸ்ரன்ரைன்! வாரும் வாரும். சுகமா இருக்கிறீரோ?" என்று கேட்ட மனிதர். சுகமாம்! கேட்ட வாய் அழுகிப் போகட்டும் என்று கொன்ஸ்ரன்ரைன் மனதுக்குள் திட்டிக்கொண்டே, "இருக்கிறன் சேர்" என்று சொல்லி, இடப்பக்கச் சுவரோடு ஒட்டின கதிரையில் போய் இருந்தான். அவனுக்கு இடது காது கேளாது. சுவர்ப் பக்கம் அந்தக் காதைக் கொடுத்துவிட்டால் வகுப்பு முழுக்க நல்ல காதுக்கு வரும்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. கொழும்பின் தனியார் ஆஸ்பத்திரிக்காரர் கூடி ஒரு தீர்மானம் எடுத்திருந்தார்கள். ஒட்சிசன் குழாய், ஜெனரேற்றர், சத்திரசிகிச்சைச் சாமான்களை அவிக்கும் நீராவி இயந்திரம், இவற்றில் கைவைக்கிற ஆளிடம் இனிச் சான்றிதழ் இருக்கவேண்டும். ஆறு சனிக்கிழமை வகுப்பு, ஏழாவது சனிக்கிழமை பரீட்சை. சான்றிதழ் இல்லாதவன், இருபது வருடம் வேலை செய்தவனாக இருந்தாலும், வருடக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். தமிழில் படிக்கிற பிரிவுக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பாஸ் பண்ணினால் மட்டும் போதாது, பொலிஸ் அறிக்கையும் சுத்தமாக இருக்கவேண்டும் என்று விண்ணப்பத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. மற்றவர்கள் அந்த வரியை ஒரு பெருமூச்சோடு தாண்டிப் போனார்கள். கொன்ஸ்ரன்ரைனால் தாண்ட முடியவில்லை. அவன்மேல் மூன்று வருடமாக ஒரு வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது.

வழக்குக்குக் காரணமும் அந்தச் சீ.ஆர். கொப்பிதான்.

தொண்ணூற்றாறில் ஒரு விடியற்காலை கொட்டாஞ்சேனையில் அவன் குடியிருந்த தெருவைப் பொலிஸார் சுற்றி வளைத்தார்கள். வேலைக்குப் புறப்பட்டு நின்றவனின் பையைக் கொட்டினால் ஸ்பானர், சாப்பாட்டுப் பார்சல், கொப்பி. கொப்பியைத் திறந்தால் எல்லாம் தமிழ் எழுத்து. குழாய் எங்கே போகிறது, எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எந்த வால்வைப் பூட்டினால் எந்த வார்ட் நிற்கும் என்று அம்புக்குறி போட்ட படங்கள். அது போதாதென்று நாலு இடத்தில் 'வெடிக்கும்' என்ற சொல். ஒட்சிசன் குழாயில் எண்ணெய்க் கை பட்டால் வெடிக்கும். அந்தத் தொழிலில் முதல்நாள் படிக்கிற பாடம் அது. அவன் தன் எச்சரிக்கைக்காக எழுதி வைத்தான். பொலிஸில் மொழிபெயர்த்தவர் அந்த நாலு இடத்திலும் சிவப்பால் கோடு போட்டார்.

"இது ஆஸ்பத்திரிக் கொப்பி சேர். எங்கட பொறுப்பாளரக் கேளுங்க. சுந்தரலிங்கம் சேருக்குத் தெரியும்" என்று கொன்ஸ்ரன்ரைன் தலையில் அடித்துச் சொன்னான்.

கேட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, கேட்கத்தான் செய்தார்கள். கொப்பியைப் பக்கம் பக்கமாகப் போட்டோப் பிரதி எடுத்து, ஆஸ்பத்திரிப் பராமரிப்புப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த சுந்தரலிங்கத்திடம் கொடுத்து, பார்த்துப் பதில் எழுதச் சொன்னார்கள். அவர் ஒன்பது நாள் வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் மூன்று வரியில் பதில் எழுதினார்: 'இப்படங்களுக்கும் எமது ஆஸ்பத்திரியின் வேலைகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இவ்வாறான கொப்பி வைத்திருக்க நான் எவருக்கும் அனுமதி வழங்கவில்லை. இது குறித்து எனக்கு எதுவும் தெரியாது.'

அந்த மூன்று வரிக்குப் பதினாலு மாதம் உள்ளே. இரண்டாம் கிழமை விழுந்த அடியில் இடது காது போனது. பராமரிப்பு வேலைக்காரனுக்குக் காது என்ன சாமான் தெரியுமா? நீட்டு ஸ்குரூட்றைவரின் நுனியைப் பம்பின் உடம்பில் வைத்து, பிடியைக் காதடி எலும்பில் வைத்துக் கேட்டால், எந்த பேரிங் தேய்கிறது, எந்த நட்டு தளர்கிறது என்று கொன்ஸ்ரன்ரைன் சொல்லிவிடுவான். டொக்டர்மார் நெஞ்சைக் கேட்கிற மாதிரித்தான். அந்த வேலைக்கு அவன் பழக்கின காது இடது காது. மற்றக் காதுக்கு அந்த நுணுக்கம் கடைசிவரை வரவில்லை.

பிணையில் வந்தபோது பழைய வேலை இல்லை. கொட்டாஞ்சேனையிலேயே சின்னப் பிரசவ விடுதியொன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. ஞாயிறுதோறும் பூசை முடிந்த கையோடு பொலிஸுக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். வழக்குத் தவணைமேல் தவணையாக நீண்டது. "ஒரேயொரு வரி போதும்" என்றார் அவனுடைய சட்டத்தரணி. "இது எங்கட ஆஸ்பத்திரி வேலைக் கொப்பி எண்டு சுந்தரலிங்கம் ஒரு வரி தரட்டும். நான் அடுத்த தவணையிலயே வழக்க முடிச்சுக் காட்டுறன்."

அந்த வரியைக் கேட்டு அவனும் மனைவி றோஸியும் சுந்தரலிங்கத்தின் வெள்ளவத்தை வீட்டுக்கே போனார்கள். கிறில் கேற்றைத் திறக்காமலே அவர் கதைத்தார். "தம்பி, எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. நீர் இனி இஞ்ச வரவேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் பாக்கினம்." றோஸி கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம். பயந்த மனிதன் பொய் சொன்னான் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். அந்த நாட்களில் பயப்படாத தமிழன் கொழும்பில் யார்? கொப்பி எங்களுடையதுதான் என்றிருந்தால், அதை எழுதச் சொன்னது நீயா என்று அடுத்த வாகனத்தில் அவரையும் ஏற்றியிருப்பார்கள். கொன்ஸ்ரன்ரைன் உள்ளே கிடந்தபோது இப்படியும் யோசித்து, சில நாள் அவரை மன்னிக்கக்கூடப் பார்த்தான்.

ஆனால் இந்தப் புத்தகம்? எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிவிட்டு, அந்தப் பிரதிகளைத் திருப்பிக் கொடுக்காமல் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்து, சந்தடி அடங்கின பிறகு தன் பெயரில் அச்சடித்து, அவன் முகத்துக்கு நேரே விரித்துப் படிப்பிக்கிறானே! கொன்ஸ்ரன்ரைன் பக்கங்களைப் புரட்டினான். 'வெடிக்கும்' பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. பத்தொன்பதில் இருந்தது. முப்பத்தொன்றில், நாற்பதில். நாலு இடம். ஒன்றைக்கூட அந்த ஆள் மாற்றவில்லை. தன்னைச் சிறையில் வைத்த அதே சொல் இப்போது பாடமாகிவிட்டது.

கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போனது. ரயில் போகும்போது அந்த மண்டபத்தில் ஒன்றும் கேட்காது, சுந்தரலிங்கம் சோக்கட்டியைப் பிடித்தபடி நிற்பார். எழும்பிப் போய்ச் சேட்டுக் கொலரில் பிடிக்க அதுதான் நேரம் என்று கொன்ஸ்ரன்ரைனின் கை துடித்தது. மறுபடி முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தான். பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த ஜாபிர் என்ற மாளிகாவத்தைக்காரன், இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று திரும்பிப் பார்த்தான்.

ஏனென்றால் முப்பத்தோராம் பக்கம் பிழை.

ஒட்சிசன் அறையில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒரு வரிசை சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கும் வார்ட்டுக்கும் ஓடும்போது மற்ற வரிசையில் முடிந்த சிலிண்டரைக் கழற்றிப் புதிதைப் பூட்டுவார்கள். நடுவில் ஒரு கைபிடி. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் ஓடுகிறது. உலகம் முழுக்க அப்படித்தான். கொட்டாஞ்சேனையின் அந்த ஒரு அறையில் மட்டும் நேர்மாறு. எண்பத்தெட்டில் அங்கே வால்வு உடைந்து, புதிது வர ஆறு மாதம் என்று சொன்னபோது, கொன்ஸ்ரன்ரைன் துறைமுகப் பக்கம் உடைத்த கப்பல் சாமான் விற்கும் கடையில் பித்தளை வால்வொன்றைத் தேடிப் பிடித்தான். நங்கூரம் பொறித்த வால்வு. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டும் இல்லாமல் மூன்று நாள் கழுவிப் பூட்டினான். அருமையாக வேலை செய்தது. கைபிடி மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது. அதனால்தான் 'மறக்கக் கூடாது' என்று எழுதினான்.

அந்த அறைக்குள் ஒருநாளாவது இறங்கின மனிதனுக்கு இது தெரியும். சுந்தரலிங்கம் இறங்கவில்லை. சேட்டில் அழுக்குப் படும் என்று மேல்மாடி மேசையிலேயே பதினைந்து வருடம் இருந்த ஆள், பார்த்ததை அப்படியே கொப்பியடித்துவிட்டார்.

அன்று பின்னேரம் புத்தகத்தோடு நேரே சட்டத்தரணியிடம் போனான். அவர் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான விஷயந்தானே எழுதினனான் எண்டு நழுவிடுவார். அவற்ற வாயால வரவேணும். சாட்சிக்கும் ஆள் வேணும்."

வீட்டுக்கு வந்து றோஸியிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"விடாதீங்க" என்றாள். "அந்தாள் சாகவும் வேணாம், நோய்ப்படவும் வேணாம். நான் கேற்றில நிண்டு அழுதனே, அதே மாதிரி நாலு பேருக்கு முன்னால நிக்கவேணும். நிண்டு, அந்தக் கொப்பி உங்கட எண்டு அவற்ற வாயால சொல்லவேணும்."

"சொல்லவைக்கிறன்" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "பரீட்சை நாள் வரட்டும்."

பரீட்சைக்கு வெளியிலிருந்து வருகிறவர் ஸாலிஹ் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஓய்வுபெற்ற பொறியியலாளர். முகம் பார்க்கமாட்டார், சிபாரிசு கேட்கமாட்டார் என்று பெயர் வாங்கினவர். அவர் முன்னால் முப்பத்தோராம் பக்கம் தானாக உடையும். அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு, வீட்டில் கறுவிக்கொண்டு, வகுப்பில் 'ஓம் சேர்' போட்டுக்கொண்டு இருந்தால் போதும். இரண்டாம் சனிக்கிழமை அப்படியே போனது.

மூன்றாம் சனிக்கிழமை தேத்தண்ணிக் கடையில் ஜாபிர் மீன் அடைத்த மாலு பாணைக் கடித்துக்கொண்டு சந்தோசமாகச் சொன்னான். "கொன்ஸ்ரன் அண்ணே, நான் எங்கட ஒட்சிசன் ரூம்ல சேர்ட புத்தகத்தில ஈக்கிறத சிவப்புப் பெயின்ற்ல பெருசா எழுதிப் போட்டுட்டன். புதுசா ரெண்டு பொடியன்மார் வந்தீக்கிறாங்க. அவங்களுக்கும் வெளங்கட்டும்."

கொன்ஸ்ரன்ரைனுக்குக் கையிலிருந்த பிளேன்ரீ உடுத்திருந்த சாரத்தில் கொட்டினதும் தெரியவில்லை.

ஓடுகிற வரிசையை ஒருவன் கழற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாதா? தியேட்டர் மேசையில் கிடக்கிறவருக்கு மூச்சு வராது. சொல்லிவிடலாம். ஆனால் ஜாபிர் ஓட்டைவாய். சொன்னால் அரை மணித்தியாலத்தில் சுந்தரலிங்கத்தின் காதுக்குப் போகும். அவர் அசடு வழிய ஒரு திருத்தம் ஒட்டிவிட்டு, பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, வழக்கம்போல கை கழுவிவிடுவார். மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த ஒரே பிடி இது. கொன்ஸ்ரன்ரைன் வெறும் கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படி ஒரு யோசனை தனக்கு வரவும் அந்த ஆள்தான் காரணம் என்று நினைத்தபோது ஆத்திரம் இரண்டு மடங்காகியது.

"எழும்பும்" என்று ஜாபிரின் கையைப் பிடித்தான். "உங்கட ஆஸ்பத்திரிக்குப் போறம்."

"இப்பயா? வகுப்பு?"

"வகுப்பு கிடக்கட்டும்!"

காலி வீதிக்கு ஏறிப் பஸ் பிடித்து, சோதனைச் சாவடியில் இறங்கி ஐ.சி. அட்டை காட்டி, மறுபடி ஏறி, ஒரு மணித்தியாலத்தில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். கொன்ஸ்ரன்ரைன் தின்னர் வாங்கித் தன் கையாலேயே அழித்தான். அழித்துக்கொண்டே நடந்தது முழுவதையும் ஜாபிருக்குச் சொன்னான். கப்பல் வால்வு, கொப்பி, ஒன்பது நாள், மூன்று வரி, காது. ஜாபிர் கேட்டு முடித்துத் தின்னர்ப் போத்தலை மூடினான்.

"எங்கட வாப்பாவப் பத்தியும் இப்பிடித்தான் ஒருத்தன் பொய் எழுதிக் குடுத்தான்" என்றான் பிறகு. "இன்னம் பத்துப் பேர் ஈக்கிறாங்களே அண்ணே. அவங்களும் போய்ச் சுவர்ல எழுதுவாங்க."

அதுதான் கொன்ஸ்ரன்ரைனும் யோசித்தான். நாலாம் சனிக்கிழமை தேத்தண்ணிக் கடையின் பின்பக்க மேசையில் பதினொரு பேரையும் இருத்தினான். முப்பத்தோராம் பக்கம் பிழை, கைபிடி பார்க்கிற பக்கம்தான் ஓடுகிற பக்கம், சந்தேகமிருந்தால் உங்கள் ஆஸ்பத்திரியில் போய்ப் பாருங்கள் என்று சொன்னான். ஏன் பிழை என்றும் சொன்னான். "இப்ப எல்லாருக்கும் தெரியும். ஒரு ஆளுக்கு மட்டும் தெரியாது. பரீட்சை முடியுமட்டும் அப்பிடியே இருக்கட்டும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

கல்கிசையிலிருந்து வருகிற நோபேட் மேசையில் தட்டிச் சொன்னான். "மச்சான், இந்தாள் என்னட்ட முதல் நாளே, உமக்கெல்லாம் இந்தச் சான்றிதழ் கிடைக்குமோ எண்டு கேட்டவர். நான் வாயத் திறக்கமாட்டன்." ஒருவரும் திறக்கவில்லை. ஓட்டைவாய் ஜாபிர் மூன்று சனிக்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததுதான் பெரிய அதிசயம்.

ஏழாம் சனிக்கிழமை வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் ஆறு சிலிண்டர்களை இடம் மூன்று வலம் மூன்றாக நிறுத்தி, நடுவில் கைபிடி பூட்டியிருந்தார்கள். பழகுவதற்கு என்பதால் உள்ளே வெறும் காற்று, அதுவும் குறைந்த அழுத்தத்தில். ஸாலிஹ் வெள்ளைத் தாடியைத் தடவிக்கொண்டு ஒருதரம் சுற்றி வந்தார். பிறகு அழுத்தம் காட்டும் இரண்டு கேஜையும் துணியால் மூடிக் கட்டினார்.

"கேஜ் பழுதாப் போனா வேலைய விட்டுட்டு ஓடுவீங்களா?" என்றார். "கைபிடியப் பாருங்க. எந்த வரிசை ஓடுது? மத்த வரிசையில ஒரு சிலிண்டரக் கழட்டி மாத்துங்க. அவ்வளவுதான்."

சுந்தரலிங்கம் பக்கத்துக் கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். புத்தகம் ஸாலிஹின் மடியில்.

ஜாபிர் முதலில் போனான். கைபிடி இடப்பக்கம் பார்த்தது. "இடது ஓடுது சேர்" என்று சொல்லி, வலது வரிசையில் கழற்றி மாற்றினான். ஒரு சத்தமும் இல்லை. ஸாலிஹ் புள்ளி போட்டுவிட்டு, மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அடுத்தது நோபேட். அதே மாதிரி. மூன்றாவது ஆள், நாலாவது ஆள். சுந்தரலிங்கத்தின் கால் கீழே இறங்கியது. ஐந்தாவது ஆளும் அப்படியே செய்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"சேர், இவை ஒருத்தரும் படிக்கேல்லை! நான் படிப்பிச்சதுக்கு நேர்மாறாச் செய்யினம். வேணுமெண்டு செய்யினம்!"

"நேர்மாறாத்தான் செய்றாங்க" என்றார் ஸாலிஹ். "அப்ப நீங்க செஞ்சு காட்டுங்க."

சுந்தரலிங்கம் எழும்பினார். சேட்டுக் கையை மடித்தார். இடது வரிசைக்குப் போய், ஓடாத வரிசைதானே என்ற தைரியத்தில் சிலிண்டரின் வாயை மூடாமலே ஸ்பானரை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினார்.

புஸ்ஸென்று கிளம்பிய சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. கண்ணாடி ஒரு பக்கம், பேனை இரண்டும் இன்னொரு பக்கம். தூசி முழுக்க வெள்ளைச் சேட்டில். மனிதர் பின்னால் சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார். ஜாபிர்தான் ஓடிப்போய்ச் சிலிண்டரின் வாயை மூடினான். ஒருவரும் சிரிக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைனுக்கு அந்தக் காட்சி தேனாக இனித்தது. மூன்று வருடம் நினைத்து நினைத்துப் பார்த்ததைவிட நன்றாயிருந்தது.

"இது ஆஸ்பத்திரியா இருந்தா மேசையில கிடக்கிறவன் இந்நேரம் மவுத்து" என்றார் ஸாலிஹ். குரல் உயரவில்லை. புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தார். "முப்பத்தோராம் பக்கத்த எழுதினது யாரு?"

சுந்தரலிங்கம் எழும்பி நின்றார். கண்ணாடியில்லாமல் எல்லாரையும் பார்த்தார். கொன்ஸ்ரன்ரைன் எழுதினது என்று சொன்னால் அன்றைக்கு எழுதிக் கொடுத்த மூன்று வரியும் பொய்யாகும். அந்தக் கணக்கு அவர் முகத்தில் ஓடியதைக் கொன்ஸ்ரன்ரைன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான்தான் எழுதினனான்" என்றார். "அச்சுப்பிழை சேர்."

"அச்சுப்பிழை ரெண்டு வசனத்திலயும் ஒரே மாதிரி வருமா?"

"அச்சுப்பிழை இல்ல சேர்" என்று எழும்பினான் கொன்ஸ்ரன்ரைன். "பிழையே இல்ல. சரியா எழுதின பக்கம் அது. ஆனா ஒரேயொரு வால்வுக்குத்தான் சரி. கொட்டாஞ்சேனையில சுந்தரலிங்கம் சேர் பொறுப்பா இருக்கிற ஆஸ்பத்திரியில, ஒட்சிசன் ரூம்ல, நங்கூரம் அடிச்ச கப்பல் வால்வு ஒண்டு இருக்கு. நான் பூட்டினனான். அது மட்டுந்தான் இப்பிடித் திரும்பும். நாளைக்கே போய்ப் பாக்கலாம்."

ஸாலிஹ் சுந்தரலிங்கத்தைப் பார்த்தார். "அந்த வால்வப் பாத்திருக்கிறீங்களா?"

சுந்தரலிங்கம் குனிந்து நிலத்தில் கண்ணாடியைத் தேடினார்.

"சேர் அந்த ரூமுக்கு வந்ததேயில்ல" என்றான் கொன்ஸ்ரன்ரைன். "நான் இதக் கொப்பியில எழுதினனான். அந்தக் கொப்பிக்காகத்தான் என்னைப் பிடிச்சவங்க. கொப்பி இப்பயும் கோட்டில கிடக்கு. அதின்ர பிரதியக் குடுத்து, இது உங்கட ஆஸ்பத்திரிக் கொப்பியா எண்டு சேரிட்டக் கேட்டாங்க. ஒரு தொடர்பும் இல்லை எண்டு கைப்பட எழுதிக் குடுத்தவர். இப்ப நான்தான் எழுதினனான் எண்டு சொல்லுறார். நல்லது. சேர் எழுதினதெண்டாலும் அது அந்த ஆஸ்பத்திரிப் படந்தான். நான் எழுதினதெண்டாலும் அது அந்த ஆஸ்பத்திரிப் படந்தான். எது வேணுமெண்டாலும் சொல்லட்டும். பதின்மூண்டு பேர் கேட்டுக்கொண்டு நிக்கிறம்."

ஸாலிஹ் மெதுவாகக் கதிரையில் இருந்து, தன் பரீட்சை அறிக்கைத் தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை எடுத்தார். "மிஸ்டர் சுந்தரலிங்கம், சொல்லுங்க. நான் எழுதுறன்."

சுந்தரலிங்கம் அவரிடம் போகவில்லை. தள்ளாடி வந்து கொன்ஸ்ரன்ரைனுக்குப் பக்கத்தில் நின்றார். தோளில் கை வைத்தார். குனிந்து அவன் காதோரம் ஏதோ சொன்னார். நெடுநேரம் சொன்னார். உதடு துடித்தது, கன்னத்துத் தூசியில் கண்ணீர் கோடு போட்டது. அவர் வந்து நின்றது இடப்பக்கம். சொன்னது இடது காதில்.

கொன்ஸ்ரன்ரைன் தலையைத் திருப்பவில்லை. மறுக்கவுமில்லை. அவர் சொல்லி முடிக்குமட்டும் நின்றான்.

"சேர்" என்றான், முடிந்த பிறகு. "அந்தக் காது கேக்காது. நீங்க எழுதின மூண்டு வரியில போன காது. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கச் சத்தமாச் சொல்லுங்க."

அவர் இந்தப் பக்கம் வந்தார். வாய்க்குள் முணுமுணுத்தார். இன்னும் சத்தமாக என்றான் கொன்ஸ்ரன்ரைன். ரயில் போனது. அது போய் முடியும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கொப்பி கொன்ஸ்ரன்ரைன்ர" என்றார் சுந்தரலிங்கம். "ஆஸ்பத்திரி வேலைக்கு எழுதின கொப்பி. எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் இல்லையெண்டு எழுதிக் குடுத்தனான்."

ஸாலிஹ் எழுதினார். சுந்தரலிங்கம் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு ஜாபிரும் நோபேட்டும் போட்டார்கள். பிறகு ஸாலிஹ், "அடுத்த ஆள்" என்றார். கொன்ஸ்ரன்ரைன் போய்க் கைபிடியைப் பார்த்து, வலது வரிசையில் சிலிண்டரை மாற்றினான்.

அடுத்த தவணையில் வழக்குத் தள்ளுபடியானது. பொய் எழுதிக் கொடுத்ததற்காகச் சுந்தரலிங்கத்தைப் பொலிஸுக்குக் கூப்பிட்டார்கள் என்றும், ஆஸ்பத்திரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்றும் ஜாபிர் கேள்விப்பட்டு வந்து சொன்னான். கொன்ஸ்ரன்ரைன் பாவம் என்று சொல்லவில்லை. சொல்ல வரவில்லை, வந்ததாகப் பாசாங்கு பண்ணவுமில்லை.

சான்றிதழ் வந்த அன்று றோஸி அதைச் சட்டம் போட்டுத் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டினாள். மாட்டிவிட்டு, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தாள் உங்கட காதுக்குள்ள அவ்வளவு நேரமா என்ன சொன்னவர்?"

"தெரியாது."

"மன்னிப்புக் கேட்டிருப்பாரோ?"

கொன்ஸ்ரன்ரைன் இடது காதைத் தடவினான்.

"கேட்டிருந்தா, அது அந்தக் காதுக்குள்ளயே கிடக்கட்டும்" என்றான்.